அமுக்குணியின் முதல் முட்டை

தையல்காரியின் கொல்லைப்புறத்தில் விடைக்கோழி இட்ட முதல் முட்டையை நான்கு ஆட்கள் சேர்ந்து கடப்பாரை போட்டு நெம்பியும் அது இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. அந்த வாரம் வெங்காய விலை ஏறியிருந்ததால் தெருவில் அதைப் பற்றித்தான் முதலில் பேசினார்கள். முட்டையின் பேச்சு இரண்டாவதாகத்தான் வந்தது. முட்டை ஒன்றும் பெரியதில்லை. புதிதாக முட்டைக்கு வருகிற கோழி இடுவதுபோல எலுமிச்சம்பழ அளவில், ஒரு பக்கம் லேசான ரத்தக் கீறலோடு, மரப்பெட்டியின் வைக்கோல் மேல் சாதுவாக உட்கார்ந்திருந்தது. தையல்காரி அதை இரண்டு விரலால் எடுக்கப் பார்த்தாள், பிறகு ஒரு கையால், பிறகு இரண்டு கையாலும் மூச்சுப் பிடித்து. சரி, பெட்டியோடு உள்ளே கொண்டுபோகலாம் என்று பார்த்தால் பெட்டியும் முட்டைக்குத் துணையாக நின்றுவிட்டது. கடப்பாரை வளைந்ததும் அதன் சொந்தக்காரர் அதைத் தோளில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். முட்டையை இட்ட கோழி மட்டும் சாயங்காலம் திரும்பி வந்து, அலகின் அடிப்பக்கத்தால் முட்டையைச் சும்மா ஒரு உருட்டு உருட்டித் தன் வயிற்றுக்கடியில் தள்ளிக்கொண்டு உட்கார்ந்தது. இட்டவளுக்கு அது முட்டை. மற்றவர்களுக்கு அது மலை.

அந்தக் கோழிகள் நான்கும் குஞ்சாக இருந்தபோது கூடைக்காரன் ஒருவனிடம் வாங்கியவை. நாலும் பெட்டைதான், ஒரு சேவல் இருந்தாலும் என் மீசையை எடுத்துக்கொள்கிறேன் என்று அவன் சொன்னான். சொன்னது அப்படியே பலித்தது. அந்தத் தெருவில் நடந்த முதல் அதிசயம் அதுதான், முட்டையெல்லாம் அப்புறம் என்று பக்கத்து வீட்டு நர்ஸ் பின்னாளில் சொல்லிச் சிரிப்பாள். தாய்க்கோழி இல்லாத குஞ்சுகள் என்பதால் தையல்காரி அவற்றைத் தையல் மிஷினுக்குக் கீழே, வெட்டுத்துணிக் குவியலில் வளர்த்தாள். மிஷின் ஓடினால் தூங்கும், நின்றால் விழித்துக்கொண்டு கத்தும். வளர வளரக் குணம் தெரிந்தது; குணத்துக்கேற்ற பேரும் வந்தது. எதற்கும் முதலில் ஓடுவது முந்திரிக்கொட்டை. ஓயாமல் கத்துவது வாயாடி. யாரைக் கண்டாலும் கழுத்துமயிரைச் சிலிர்த்துக்கொண்டு நிற்பது சண்டைக்காரி. நாலாவது வாயே திறக்காது. எல்லாரும் தின்றபிறகு வந்து நிதானமாகத் தின்னும், என்ன நினைக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது. அது அமுக்குணி.

முந்திரிக்கொட்டைக்குத்தான் முதலில் கொண்டை சிவந்தது. முதுகில் கை வைத்தால் ஓடாமல் பதுங்கி உட்கார்ந்தது. மூலை மூலையாகத் தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டு அலைந்தது. ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்த நர்ஸ், வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபடியே நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, இன்றோ நாளையோ என்றாள்.

"பெட்டியில ஒரு முட்டைய வை. இதுங்களுக்குச் சொல்லிக் குடுக்கத் தாயில்ல. பாத்துத்தான் கத்துக்கணும். இல்லேன்னா செருப்புக்குள்ள போடும், கட்டிலுக்கடியில போடும்."

"முட்டைக்கு எங்க போறது? முட்டைக்காகத்தானே கோழியே வளக்கறேன்."

"முட்டை மாதிரி ஏதாச்சும் வை. கூழாங்கல்லு வை, பந்து வை. கோழி என்ன கணக்கு வாத்தியாரா, உத்துப் பாக்கறதுக்கு?"

வேறு யாராக இருந்தாலும் கூழாங்கல்லைத்தான் வைத்திருப்பார்கள். தையல்காரிக்குக் கைக்குக் கிடைத்தது இரும்புக்குண்டு. வெட்டுமேசையில் துணியை விரித்துக் கத்தரி போடும்போது துணி நழுவாமல் இருக்க அதன்மேல் எடை வைப்பார்கள் அல்லவா, அந்தக் குண்டு. உருண்டையாக, உள்ளங்கையில் அடங்கும், ஆனால் தூக்கினால் மணிக்கட்டு சொல்லும். அதை வெள்ளை லைனிங் துணியில் பொதிந்து, தையல் தெரியாமல் உள்மடித்துத் தைத்து, பெட்டியில் வைத்தாள். கோழிகள் ஒவ்வொன்றாக வந்து பாடம் படித்தன. கொத்திப் பார்த்தன, அசையவில்லை. காலால் சீய்த்துப் பார்த்தன, அசையவில்லை. மேலே ஏறி உட்கார்ந்து பார்த்தன. முட்டை என்றால் வைத்த இடத்தில் இருப்பது, எவன் வந்தாலும் நகராதது என்று அவை முடிவுகட்டிவிட்டன. சின்ன வயதில் தவறாகக் கற்றுக்கொண்டது எளிதில் போகாது. மனிதர்களுக்கே போவதில்லை, கோழியைக் குறை சொல்லி என்ன பயன்?

முந்திரிக்கொட்டை இட்ட அந்த நகராத முட்டையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெருவே யோசித்தபோது தையல்காரி அதிகம் யோசிக்கவில்லை. முட்டை அடுப்புக்கு வராவிட்டால் அடுப்பு முட்டைக்குப் போகட்டும் என்று ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு வந்தாள். முட்டை ஓடு சாதாரண ஓடாகத்தான் உடைந்தது. தலைப்பக்கம் கத்தியால் ஒரு தட்டு தட்டி, உள்ளே இருந்ததைக் கரண்டியால் வழித்து, விலையைப் பார்க்காமல் வெங்காயம் நறுக்கிப் போட்டு ஆம்லெட் போட்டாள். பாதியை வேலிக்கு மேலே நர்ஸுக்கு நீட்டினாள். உப்பு ஒரு கல் கூட என்றாள் நர்ஸ். வேறு வித்தியாசம் ஒன்றும் யாருக்கும் தெரியவில்லை. காலியான ஓடு மட்டும் பெட்டியிலேயே நின்றது, இன்றும் நிற்கிறது.

மறுநாள் காலை மூத்தார் வேன் கொண்டுவந்தார். மூத்தார் என்பது அவளுடைய இறந்துபோன கணவனின் அண்ணன். கடைத்தெருவில் சிமெண்ட் வியாபாரம். வீடு மாமனார் கட்டியது. பெரியவனுக்குக் கடை, சின்னவனுக்கு வீடு என்று மாமனார் வாயால் சொன்னதை வீடே கேட்டிருந்தது. ஆனால் சுவருக்குக் காது மட்டும்தான் உண்டு, வாய் கிடையாது. காகிதம் மூத்தார் பேரில் இருந்தது. வயர்மேனாக இருந்த தம்பி காய்ச்சலில் போன நாளிலிருந்து அவருக்கு அந்த இடத்தில் ஒரு கிடங்கு கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது. வீட்டை இடித்துவிடலாம், தம்பி பொண்டாட்டி தன் வீட்டுச் சமையலறைக்குப் பின்னால் இருக்கிற அறையில் இருந்துகொண்டு கூடமாட ஒத்தாசை செய்யலாம் என்பது அவர் திட்டம். அவர் கத்துகிற ஆளில்லை. "எல்லாம் உன் நல்லதுக்குத்தாம்மா" என்றுதான் சொல்வார். "கோழி மிதிச்சுக் குஞ்சு சாகுமா?" என்பார். செத்த குஞ்சுகள் வந்து சாட்சி சொல்லாத தைரியம்.

தையல்காரி பிறந்ததிலிருந்தே பிறர் எடுத்து வைக்கிற இடத்தில் இருந்தவள். சித்தி வீட்டிலிருந்து அத்தை வீட்டுக்கு, அத்தை வீட்டிலிருந்து அக்கா புகுந்த வீட்டுக்கு, அங்கிருந்து கல்யாணத்துக்கு, கல்யாணத்துக்குப் பிறகு வாடகை அறை வாடகை அறையாக. காலி பண்ணும்மா என்று சொன்னால் 'சரி' என்பாள், துணிமூட்டையைக் கட்டுவாள். இந்த வீட்டுக்கு வந்தபிறகுதான் சுவரில் ஆணி அடித்தாள். கணவன் இறந்த வருஷம் அக்காவுக்கு உடம்பு முடியவில்லை என்று வெளியூர் போனவள் திரும்பி வந்தபோது கதவில் மூத்தாரின் பூட்டு தொங்கியது. பையோடு தெருவில் நின்றாள். வெயில் தாழ்ந்தபிறகு அவர் சிரித்துக்கொண்டே வந்து, திருட்டுப்பயம்மா, அதான் பூட்டி வச்சேன் என்று திறந்துவிட்டார். அதற்குப் பிறகு அவள் கடைத்தெருவைத் தாண்டியதில்லை. அக்கா மகள் கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லை. ஏன் வரவில்லை என்று அக்கா கோபித்துக்கொண்டபோது, வீட்டை விட்டு வர முடியவில்லை என்றுதான் சொல்ல முடிந்தது.

வேனோடு ஓரகத்தியும் வந்திருந்தாள். மூத்தாரின் மனைவி, பேச்சு வேலையைக் கணவனுக்கும் கை வேலையைத் தனக்கும் வைத்துக்கொண்டவள். முதலில் தையல் மிஷினைத் தூக்கச் சொன்னாள். ஆட்கள் தூக்கி வாசலில் வைத்தார்கள். மிஷின் ஆம்லெட் தின்னவில்லையே. பிறகு தையல்காரியின் மணிக்கட்டைப் பிடித்தாள். "வாடி, வெயில் ஏறுதுல்ல." தையல்காரியின் வாய் பழக்கதோஷத்தில் "சரிக்கா" என்று சொல்லவே செய்தது. கால்தான் கேட்கவில்லை. ஓரகத்தி இழுத்தாள், புடவையைச் செருகிக்கொண்டு இழுத்தாள், வேன் ஆட்கள் ஓரகத்தியின் இடுப்பைப் பிடித்து இழுத்தார்கள். கடைசியில் ஓரகத்தியின் செருப்பு வார்தான் அறுந்தது. தையல்காரி குனிந்து தன் இரண்டு பாதங்களையும் பார்த்தாள், யாரோ புதிதாகக் கொடுத்தவற்றைப் பார்ப்பதுபோல. கால்விரல்களை ஒருமுறை சந்தோஷமாக மடக்கி விரித்தாள். பிறகு வாயும் காலோடு சேர்ந்துகொண்டது.

"இல்லக்கா. நான் வரல."

அவர்கள் போனபிறகு மிஷினை அவளே இழுத்து உள்ளே வைத்தாள். தானாக நகர வேண்டும் என்று நினைத்தபோது காலுக்கு ஒரு தடையும் இல்லை. சேதி அன்று மத்தியானத்துக்குள் தெரு முழுக்கப் பரவியது. வாயாடியும் சண்டைக்காரியும் முட்டைக்கு வந்தன. எல்லாம் ஒரே வார்ப்பு. மரப்பெட்டிக்கு முன்னால் தட்டோடு ஆட்கள் உட்கார ஆரம்பித்தார்கள். பள்ளிக்கூட வாட்ச்மேன் தின்றார். நிர்வாகியின் கார் உள்ளே வரும்போதும் போகும்போதும் எழுந்து நின்று நின்று அவருக்கு முழங்கால் தேய்ந்திருந்தது. மறுநாள் கார் வந்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே வணக்கம் சொன்னார். எழுப்ப வந்தவர்கள் களைத்துப் போனார்கள். நர்ஸுக்குக் கையுறை கேட்டதற்காக வார்டு மாற்றி உத்தரவு வந்தது. அவள் பாட்டுக்குத் தன் வார்டிலேயே நின்று ஊசி போட்டுக்கொண்டிருந்தாள், தூக்கிப் போக வந்த இரண்டு பேருக்கும் ரத்த அழுத்தம் பார்த்து அனுப்பினாள். இதில் ஒரு தப்பும் நடந்தது. தெருக்கோடியில் வேலைக்குப் போகாத ஒருவன் ஓசி ஆம்லெட் தின்றுவிட்டுக் கட்டிலில் படுத்தவன்தான். அவன் மனைவி அவனைச் சுற்றித்தான் பெருக்க வேண்டியிருந்தது. அதிலிருந்து தையல்காரி தட்டை நீட்டுகிறவர்களிடம், நீ எதுக்கு நகரமாட்டேங்கற என்று கேட்பாள். பதில் இருந்தவர்களுக்கு ஆம்லெட். இல்லாதவர்களுக்கு டீ.

மூத்தார் முட்டாள் இல்லை. சிமெண்ட் வியாபாரத்தில் முட்டாள்கள் நிலைப்பதில்லை. சில நாள் யோசித்துவிட்டு மனைவி இல்லாமல் வந்தார், வாசலிலேயே நின்றார், அதே மெல்லிய குரலில் சொன்னார்:

"நீ நகர வேணாம்மா. உக்காந்த இடத்துலயே உக்காந்துக்க. வீட்டை உன்னைச் சுத்தி எடுத்துக்கறேன். வெயில் மழை மட்டும் நீ பாத்துக்க."

அவர் பின்னால் வந்த சர்வேயர் நாடாவைப் பிடித்து அளந்து, நான்கு மூலையிலும் சுண்ணாம்பால் குறி போட்டார். பாவம், நல்ல மனிதர். நாடாவின் ஒரு நுனியைப் பிடித்துக்கொள்ள ஆள் இல்லாமல் அது நழுவி நழுவி ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த வாரம் புல்டோசர் வரும் என்று அவர்தான் தலையைக் குனிந்துகொண்டு தையல்காரியிடம் சொன்னார்.

அவளுக்குப் பயம் வந்தது. தான் நகரமாட்டோம் என்று தெரிந்திருந்தும் வந்தது. வெட்டவெளியில் நட்ட கல்லாக நிற்பதற்கா இத்தனையும்? அவளுக்கு அந்த வீடு வேண்டும். சுவர் வேண்டும், சுவரில் அடித்த ஆணி வேண்டும், தாழ்ப்பாளை உள்ளேயிருந்து போடுகிற உரிமை வேண்டும். வேண்டும் என்ற சொல்லை அவள் தனக்காக அதற்குமுன் சொல்லிக்கொண்டதில்லை; இப்போது சொல்லச் சொல்லக் கோபம் வந்தது, கோபம் வந்ததும் பயம் கொஞ்சம் ஒதுங்கி இடம் விட்டது. ஒரு ரவிக்கைத் துணியை மேசையில் விரித்துக் கத்தரியை எடுத்தாள். துணி நழுவியது. முழங்கையால் அழுத்திக்கொண்டாள், அந்தப் பக்கம் நழுவியது. குண்டு கோழிப்பெட்டியில் இருக்கிறது என்பது நினைவுக்கு வந்து, போய் எடுத்து வந்து துணிமேல் வைத்தாள். துணி சொன்னபடி நின்றது. கத்தரியைப் பாதியில் நிறுத்திவிட்டு அவள் குண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதை எடுத்துக்கொண்டு போய் வாசற்படியின் ஓரத்தில் வைத்தாள்.

வாயாடி பின்னாலேயே வந்தது. முட்டைக்கு வந்த புதிதில் கோழிக்குக் குண்டு இருக்கிற இடம்தான் கூடு. எங்கே குண்டு, அங்கே முட்டை. மறுநாள் காலை வாசற்படியில் ஒரு முட்டை இருந்தது. கரையான் அரித்து, மிதித்தால் ஆடிக்கொண்டிருந்த வாசல் நிலை அதற்கப்புறம் ஆடவில்லை. நர்ஸ் வந்து தோளால் முட்டிப் பார்த்துவிட்டுத் தோளைத் தேய்த்துக்கொண்டாள். "அடிப்பாவி, வீட்டுக்கே எடை வைக்கறியா?" என்றாள். ஆமாம் என்றாள் தையல்காரி. வாசற்படியும் நான்கு மூலையும். அஸ்திவாரத்தின் மேல் விளிம்பில், சர்வேயர் சுண்ணாம்பு போட்ட அதே இடங்களில். ஒன்றும் விடக் கூடாது. மூன்று மூலையில் எடை வைத்துத் துணி வெட்டுகிறவள் கழுத்து ஒருபக்கமாக இழுத்த சட்டையைத்தான் தைப்பாள் என்பது அந்தத் தொழிலில் பிள்ளைப்பாடம்.

சொல்வது சுலபம். புதுக்கோழிகள் தினமும் இடுவதில்லை. ஒருநாள் இட்டால் மறுநாள் ஓய்வு, நடுவில் மழை பெய்தால் கோபம். முந்திரிக்கொட்டை முன்மூலையை முடித்தது. வாயாடி ஊரையே கூட்டிக்கொண்டு பக்கமூலையை முடித்தது. சண்டைக்காரி கூரைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மறுத்தது. இரண்டு நாள் கெஞ்சலுக்குப் பிறகு, தனக்குத் தோன்றிய நேரத்தில், மூன்றாவது மூலையை முடித்துவிட்டு மறுபடி கூரைக்கே போனது. மிச்சம் குளியலறைக்குப் பின்னால் இருந்த நாலாவது மூலை. அங்கே சிற்றெறும்புப் புற்று. சாம்பல் தூவினாள், தண்ணீர் ஊற்றினாள்; எறும்புகள் அந்தப் பக்கம் போய் இந்தப் பக்கம் வந்தன. அவையும் நகருவதாக இல்லை. கோழிகள் அங்கே போய்க் காலை உதறிக்கொண்டு திரும்பி வந்தன. அமுக்குணி மட்டும்தான் எறும்பைக் கண்டால் எறும்பைத் தின்றுவிட்டு அங்கேயே நிற்கும். ஆனால் அமுக்குணி இன்னும் முட்டைக்கே வரவில்லை. கூடப் பிறந்தவையெல்லாம் இட்டு முடித்தும் அதன் கொண்டை வெளிறித்தான் இருந்தது. அது மலடாக இருக்கும், குழம்பில் போடு என்று யாரோ சொன்னார்கள். குழந்தையில்லாத தையல்காரியின் காதில் ஓரகத்தி வருஷக்கணக்காகப் போட்டு வைத்த சொல் அது. தையல்காரி சொன்னவர் தட்டிலிருந்து ஆம்லெட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். "அது இடும்போது இடும். உனக்கென்ன அவசரம்?" என்றாள். அவசரம் அவளுக்குத்தான் இருந்தது, அதை அமுக்குணியிடம் சொல்லிக் காட்ட அவளுக்கு மனம் வரவில்லை.

புல்டோசர் வந்த காலையில் தெரு வேலைக்குப் போகவில்லை. வாட்ச்மேன் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டுக்கொண்டார். நர்ஸ் சீருடையோடு நின்றாள். இடம் வசதியாக இருக்கும் என்று வண்டியைப் பின்சந்து வழியாகக் கொண்டுவந்தார்கள். அது நேராக நாலாவது மூலைக்கு முன்னால் வந்து நின்றது. சுண்ணாம்புக் குறிக்கு மேலே, விளிம்பில், வெள்ளைத் துணி போட்ட குண்டு தனியாக இருந்தது. முந்திரிக்கொட்டையும் வாயாடியும் இரைச்சலுக்குப் பயந்து மிஷினுக்கடியில் ஓடி ஒளிந்தன. தையல்காரி அந்த மூலையில் சுவரில் முதுகை வைத்து நின்றாள். அவளை நகர்த்த முடியாது என்று எல்லாருக்கும் தெரியும். அவளுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுவரை எடுத்துவிடலாம் என்றும் எல்லாருக்கும் தெரியும். மூத்தார் டிரைவருக்குக் கையைக் காட்டினார்.

அப்போது அமுக்குணி வந்தது. வண்டியின் முன்னால், பந்திக்குத் தாமதமாக வந்தும் அவசரப்படாத விருந்தாளிபோல நடந்து வந்தது. கொண்டை சிவந்திருந்தது; எப்போது சிவந்தது என்று யாருக்கும் தெரியாது. வழியில் இரண்டு எறும்பைக் கொத்தித் தின்றது. விளிம்பில் ஏறிக் குண்டை ஒரு கண்ணால் பார்த்தது, தலையைத் திருப்பி மறுகண்ணால் பார்த்தது, உட்கார்ந்தது. டிரைவர் எஞ்சினை நிறுத்தினார்.

"என்னப்பா, ஓட்டு!" என்றார் மூத்தார்.

"கோழி முட்டையிடப் போகுது சார்."

"கோழிக்கெல்லாம் வண்டிய நிறுத்துவியா நீ?"

"முதல் முட்டை மாதிரி தெரியுது சார். எங்க வீட்லயும் கோழி இருக்கு. இந்த நேரத்துல தொந்தரவு பண்ணா முட்டை உள்ளயே தங்கிடும், பாவம்."

மூத்தார் வாழ்நாளில் முதல்முறையாகக் குரலை உயர்த்தினார். உயர்த்தியும் பலன் இல்லாததால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே கோழியைத் தூக்கிப் போடப் போனார். கூரைமேலிருந்த சண்டைக்காரி இறக்கையை விரித்துக்கொண்டு அவர் தலைமேல் இறங்கியது. அதைப் பிடிக்கத் தாவினார். அது மறுபடி கூரைக்கு ஏறியது. கோபத்தில் அவரும் குளியலறைச் சுவரைப் பிடித்துக் கூரையில் ஏறினார். ஓடு ஒன்று சரிந்தது, அவர் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தொங்கினார். "கூரையேறிக் கோழி பிடிக்கத் தெரியாதவரு" என்று நர்ஸ் ஆரம்பித்தாள். மிச்சத்தைத் தெருவே சேர்ந்து முடித்தது. அவருடைய ஆட்களே சிரித்தார்கள்.

பிறகு சிரிப்பு தானாக அடங்கியது. முதல் முட்டை சட்டென்று வருவதில்லை. அமுக்குணி கண்ணை மூடித் திறந்தது, உடம்பு ஊதித் தாழ்ந்தது, அலகு பிளந்தது. முட்டையிடுகிற கோழிக்குத்தான் வலி தெரியும் என்பார்கள். அன்று அந்த வலி தெருவிலிருந்த அத்தனை பேர் முகத்திலும் தெரிந்தது. டிரைவர்கூட ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். தையல்காரி தொடவில்லை, கூப்பிடவில்லை. அவள் உதடு மட்டும் அசைந்தது. அமுக்குணி பாதி எழுந்து நின்றது. முட்டை குண்டுக்குப் பக்கத்தில், டக்கென்ற சிறு சத்தத்தோடு விழுந்தது. வீட்டுக்குள்ளே மேலிருந்து கீழ்வரை எதுவோ சரியான இடத்தில் போய் அமர்ந்ததுபோல் ஒரு முனகல் கேட்டது. பிறந்ததிலிருந்து வாய் திறக்காத அமுக்குணி வாயைத் திறந்து கொக்கரித்தது. கடைத்தெருவில் வெங்காயம் நிறுத்துக்கொண்டிருந்தவர்கள் தராசைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்ததாகச் சொன்னார்கள். தையல்காரி அழுதாள். அழுதுகொண்டே டிரைவரைப் பார்த்து, "இப்ப ஓட்டுங்க தம்பி" என்றாள்.

டிரைவர் ஓட்டினார்; கூலிக்கு வந்தவர், கடமையைச் செய்தார். வண்டியின் முகப்பிலிருந்த இரும்புக் கொப்பரையின் பற்கள் சுவரில் பட்டு மூலைக்கொன்றாக மடங்கின. பின்சக்கரங்கள் தரையைவிட்டுத் தூக்கிக்கொண்டன. சுவரிலிருந்து ஒரு பொட்டுச் சுண்ணாம்பு உதிரவில்லை. கூரையிலிருந்த மூத்தார்தான் உதிர்ந்தார், வாட்ச்மேனும் வேன் ஆட்களும் தாங்கிப் பிடித்துக்கொண்டதால் அடி இல்லை. டிரைவர் இறங்கி வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒரு டீ கிடைக்குமா என்று கேட்டார்.

அடுத்த வருஷம் இதைவிடப் பெரிய வண்டி வந்தது. அதற்கடுத்த வருஷம் அதிகாரிகள் வந்தார்கள், பூட்டு வந்தது, முத்திரை வந்தது. அவர்கள் இழுத்தும் சாத்த வராத கதவில் பூட்டு மாட்ட வழியில்லாமல் முத்திரையை வேலியில் ஒட்டிவிட்டுப் போனார்கள். மழை பெய்து அது கரைந்தது. ஒரு பெருங்காற்றில் தெருவில் பாதி வீட்டுக் கூரை பறந்தபோது இந்த வீட்டில் சரிந்திருந்த அந்த ஒற்றை ஓடுகூட அசையவில்லை. தெருவே அங்கேதான் வந்து படுத்தது. மூத்தார் கடைசியில் கிடங்கை வேறு இடத்தில் கட்டினார். காகிதம் இன்றும் அவர் பேரில்தான் இருக்கிறது. வீடு அவள் பேச்சைக் கேட்கிறது. குண்டு வெட்டுமேசைக்குத் திரும்பிவிட்டதால் பின்னால் வந்த கோழிகள் மூத்த கோழிகளைப் பார்க்காமல் கூழாங்கல்லைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, கையில் எடுக்கிற முட்டைகளையே இட்டன. அதுதான் நியாயம். எல்லா முட்டையும் நின்ற இடத்தில் நின்றால் வீட்டுக்குள் நடக்க வழியிருக்காது. சர்வேயர் மட்டும் அந்த வீட்டை மறக்கவில்லை. நாடாவின் நுனியை மாட்ட அந்த ஊரில் நம்பகமான இடம் வாசற்படி முட்டை ஒன்றுதான் என்று கண்டுகொண்டார். இப்போது ரோடு போடுவதானாலும் குழாய் பதிப்பதானாலும் அங்கிருந்துதான் அளக்கிறார்கள்.

எல்லாம் அடங்கிய பிறகு ஒருநாள் தையல்காரி புதிதாக ஒரு பை தைத்தாள். நல்ல புடவை இரண்டு, அக்கா பேரப்பிள்ளைக்குத் தானே தைத்த சட்டை. கோழிகளுக்குத் தீனி போடச் சொல்லி நர்ஸிடம் சொன்னாள். தன் கைக்கு மட்டும் அசைகிற கதவைச் சும்மா சாத்திவிட்டு, பஸ் ஏறினாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. யாரும் வரச் சொல்லவில்லை. அவளாகவே போனாள். ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, வருகிற ஊரையெல்லாம் பேர்ப்பலகை பார்த்துப் படித்துக்கொண்டே போனாள்.

அக்கா வாசலிலேயே கட்டிக்கொண்டாள். பழைய கோபத்துக்கு ஒரு பாட்டம் திட்டினாள், சோறு போட்டாள், மறு சோறு போடும்போதுதான் கையை நிறுத்திக் கேட்டாள்: "ஏண்டி, வீட்டைப் பூட்டினியா? சாவி எங்க?"

"பூட்டல."

"பூட்டலயா? உன் மூத்தாரு இருக்காரேடி! நீ பாட்டுக்கு இங்க வந்து உக்காந்திருக்க?"

தையல்காரி தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து, காலை நன்றாக நீட்டிக்கொண்டாள்.

"வீடு எங்கக்கா போயிடப் போகுது?"